வாழைத்தண்டும் வாட்டர் கேனும்

பாய்லர்காரர் பதில்கள்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன்: "பாய்லர் என்பது தண்ணீராலேயே சுவர் வைத்த அடுப்பு." அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை எல்லாமே. முப்பத்தோரு வருஷம் பாய்லர் அறையில் வெந்தவன் நான். கட்டடம் கட்டினவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

---

நான் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இயற்கையைப் பார்த்து ஒரு கட்டுமான யோசனை எடுத்து மாடல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாழையை எடுத்தேன். உள்ளே கட்டையே கிடையாது, முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். ஆனாலும் ஒரு தாரைச் சுமக்கிறது. அதுபோல மெல்லிய குழாய்களில் தண்ணீரை நிரப்பி மூடி, தூணாக நிறுத்தி மூன்று மாடி எழுப்பலாம் என்பது என் யோசனை. அப்பா மேஸ்திரி. கேட்டதும் சிரித்துவிட்டார். "தண்ணி ஊத்துனா கான்கிரீட் இறுகும். தண்ணியே கான்கிரீட் ஆவுமா?" என்கிறார். யார் சொல்வது சரி?
*— வாசகி, வியாசர்பாடி*

கண்ணு, முதலில் அப்பாவிடம் ஒரு காரியம் செய்யச் சொல். வீட்டில் 20 லிட்டர் கேன் இருக்குமே, காலியானதைக் கவிழ்த்துப் போட்டு முழங்காலால் அழுத்தட்டும். டொப்பென்று உள்ளே போகும். அடுத்தது, மூடி பிரிக்காத முழுக் கேன். அதன் மேல் உட்காரட்டும். எங்கள் தெருவில் கேன் போடுகிற பையன் மூன்றாவது மாடி ஏறி வந்து மூச்சு வாங்கும்போது அதன் மேல்தான் உட்காருவான். பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் ஒடுங்க மறுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, தண்ணீர் பாரம் தாங்காது என்று அப்பா சொன்னால் அது தப்பு.

ஆனால் அவர் சிரித்ததில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உன் வாழையிலிருந்தே ஆரம்பிப்போம். கல்யாண வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் கட்டுகிற வாழையைப் பார்த்திருப்பாய். முகூர்த்தத்தன்று நிமிர்ந்து நிற்கும். மறுநாள் சாயங்காலம் இலையெல்லாம் தொங்கிவிடும். அதிலிருந்து யாரும் எதையும் உருவிக்கொண்டு போகவில்லை. தண்ணீர் மட்டும்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டிக் கேன்; வேரிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு தன் சுவரை உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் சாதாரணமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 10 கிலோ வரை இருக்கும். மோட்டார் சைக்கிள் டயரில் நாம் அடிக்கிற காற்று ஏறக்குறைய 2 கிலோ. முளைக்கீரைக் கட்டு உன் டயரைவிட விறைப்பாக இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டம்தான், ஆனால் உண்மை. கீரைக்காரம்மா மத்தியானம் தண்ணீர் தெளிப்பது அந்த விறைப்பைப் பிடித்து வைக்கத்தான்.

இப்போது பூக்கடைக்கு வா. மல்லிகைப்பூ கட்டுகிற வாழைநாரைக் கையில் எடு. இழுத்துப் பார், விரல் அறுந்தாலும் அது அறாது. அதே நாரை நிமிர்த்தி நிறுத்தி மேலே ஒரு மிளகு வைத்துப் பார். துவண்டு விழும். வாழையிடம் இருக்கும் சரக்கு இவ்வளவுதான்: இழுத்தால் தாங்கும், தள்ளினால் துவளும் நார். அந்த நாரால் பாரம் சுமக்க அதற்கு ஒரே வழி, உள்ளே தண்ணீரை வைத்து நாரை எப்போதும் இழுபட்ட நிலையிலேயே வைத்திருப்பது. மேலே இருந்து பாரம் அழுத்தும்போது தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். நார் இழுத்துப் பிடிக்கும். தள்ளுகிற வேலையைத் தண்ணீரும் இழுக்கிற வேலையை நாரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்படியும் தார் தள்ளின வாழைக்குத் தோட்டக்காரர் சவுக்குக் கட்டையில் முட்டுக் கொடுக்கிறார் என்பதை மறந்துவிடாதே.

சரி, உன் தூண். மூன்று மாடி வீட்டில் நடுத் தூண் ஒன்றுக்கு 40 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உன் குழாய் 30 சென்டிமீட்டர் விட்டம். மேலே பிஸ்டன் மாதிரி ஒரு தகடு. முழுப் பாரமும் தண்ணீர் மேல். குழாயின் குறுக்குப் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். 40,000 கிலோவை அதால் வகுத்தால் தண்ணீரில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 57 கிலோ. பயந்துவிடாதே, பாய்லரில் இதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். இந்த அழுத்தத்தில் குழாய் வெடிக்காமல் இருக்க எவ்வளவு தடிப்பு வேண்டும்? அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, இரும்பு பத்திரமாகத் தாங்கும் இழுவையால் வகுக்க வேண்டும். சாதா இரும்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1,400 கிலோ வைத்தால் 6 மில்லிமீட்டர் சொச்சம் வரும். பரவாயில்லையே, 6 மி.மீ. குழாயில் தண்ணீர்த் தூண் நின்றுவிட்டதே என்று நீ துள்ளுவாய்.

நில். அதே 6 மி.மீ. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், பாரத்தை நேராக இரும்பின் விளிம்பிலேயே வைத்தால்? விளிம்பின் பரப்பு சுமார் 57 சதுர சென்டிமீட்டர். அதே 1,400 கிலோ கணக்கில் 80 டன் சுமக்கும். சரியாக இரண்டு மடங்கு! இது தற்செயலாக வந்த எண் இல்லை. எந்த அளவுக் குழாயில் போட்டுப் பார்த்தாலும் தண்ணீர் வழியாகச் சுமக்கும்போது இரும்பு படுகிற பாடு, நேராகச் சுமக்கும்போது படுவதைப்போல இரண்டு மடங்குதான். பேப்பரில் நீயே போட்டுப் பார். அப்பா இந்தக் கணக்கைப் போடாமலேயே சிரித்திருக்கிறார். மேஸ்திரிகளின் சிரிப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் வாழை ஏன் அதைச் செய்கிறது? நாரை நேராக நிறுத்திச் சுமக்க வைக்க முடியாது என்பதால். இரும்பை நிறுத்தலாம், கான்கிரீட்டை நிறுத்தலாம். அவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை. துணி, ரப்பர், தார்ப்பாய், மெல்லிய பிளாஸ்டிக் இவற்றை நிறுத்த முடியாது. உன் யோசனைக்கு வேலை இருக்கும் இடம் அதுதான். வெள்ளம் வந்த ஊருக்கு மடித்துக் கொண்டுபோய், அங்கே கிடைக்கிற தண்ணீரை நிரப்பி நிறுத்துகிற கூடாரம், தற்காலிக மேடை, அவசரத் தடுப்பு. போகும்போது கையளவு மூட்டை, போன இடத்தில் டன் கணக்கில் கனம். "மூன்று மாடி" என்பதை அடித்துவிட்டு மாடலை அந்தப் பக்கம் திருப்பு.

இன்னொன்று, புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கும், எனக்குக் கையில் தழும்பாக இருக்கிறது. ஒருமுறை ஒரு குழாய் லைனில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை அழுத்தி நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்ப்பது) முடித்துவிட்டு இரண்டு முனை வால்வையும் மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். மே மாசம், பதினோரு மணி வெயில். உள்ளே தண்ணீர் முழுசாக, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல். அப்படிப் பூட்டின தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினாலே அழுத்தம் கிலோக் கணக்கில் எகிறும். ஏனென்றால் இரும்பு விரிவதைவிடத் தண்ணீர் அதிகம் விரியும், போக இடம் இல்லை. நான் திரும்பி வந்து கை வைத்த நேரம் குழாய் இணைப்பில் (ஃப்ளாஞ்ச்) இடையில் வைக்கிற கேஸ்கெட் வளையம் பிய்த்துக்கொண்டு அடித்தது. தப்பு என்னுடையதுதான், வடிகாலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். உன் தூண்கள் நிற்கப்போவது வியாசர்பாடி வெயிலில். விரிவதற்கு இடம் விட்டாயா என்று வாத்தியார் கேட்காவிட்டாலும் நீயே எழுதி வை.

அப்பாவிடம் கடைசியாக ஒன்று சொல். மட்டம் பார்க்க அவர் பிடிக்கும் தண்ணி ட்யூப் இருக்கிறதே, கட்டடத்திலேயே பொய் சொல்லாத சாமான் அதுதான். தண்ணீரை அவரும் நம்பித்தான் ஐம்பது வீடு கட்டியிருக்கிறார்.

---

அமெரிக்காவில் இரும்புத் தூண்களுக்குள் தண்ணீர் ஊற்றி வைத்த கட்டடம் உண்டு, தீப்பிடித்தாலும் சாயாது என்று ஒருவர் சொன்னார். நான் ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்கிறேன். தண்ணீர் ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்குமே?
*— வாசகர், காசிமேடு*

அவர் சொன்னது பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் யு.எஸ். ஸ்டீல் டவர். 1970இல் எழும்பின 64 மாடி, 256 மீட்டர். இரும்பு விற்கிற கம்பெனியின் தலைமையகம் என்பதால் இரும்பை மூடாமல் வெளியே காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். சாதாரணமாக இரும்புத் தூணுக்குத் தீயிலிருந்து பாதுகாப்பாகக் கான்கிரீட்டோ வேறு பூச்சோ போட்டு மூடுவார்கள். இரும்பு 550, 600 டிகிரி சூட்டில் பாதி பலத்தை இழந்துவிடும் என்பதால். இவர்கள் வெளிச்சுவருக்கு வெளியே 18 தூண்களை நிறுத்தி, உள்ளே தண்ணீரை நிரப்பினார்கள். நீங்கள் கேட்ட துருவுக்குத் துருத்தடுப்பு மருந்து, அந்த ஊர்க் குளிரில் உறையாமலிருக்க இன்னொரு மருந்து, இரண்டும் அதில் கலந்திருக்கும். ஐஸ் ஃபாக்டரியில் உப்புத் தண்ணீர் ஏன் உறையாமல் சுற்றுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளித்தோல் துருவுக்கு அவர்கள் போட்டது கார்-டென் என்ற இரும்பு. மேலே பிடிக்கிற முதல் துருவே கவசமாகி அடுத்த துருவைத் தடுக்கும். நம் கடற்கரையில் அதை நம்ப முடியாது, உப்புக்காற்றுக்கு அந்தக் கவசம் நிற்காது.

லண்டனில் புஷ் லேன் ஹவுஸ் என்று 1976இல் முடிந்த இன்னொரு கட்டடம். அதில் வெளியே மீன் வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள், உள்ளே தண்ணீர். வலை பார்த்துப் பழகின கண்ணுக்குப் பிடிக்கும்.

கவனியுங்கள், இரண்டிலும் பாரத்தைச் சுமப்பது இரும்புதான். தண்ணீர் சூட்டை மட்டும் சுமக்கிறது. முதல் பதிலில் தண்ணீரே பாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது. இங்கே அது காவல்காரன் மட்டும்.

இந்தக் காவல் வேலை எப்படி நடக்கிறது என்பது எனக்கு உடம்பில் தெரியும். பாய்லர் உலையில் நெருப்பு 1,200 டிகிரியைத் தாண்டும். அதைச் சுற்றி நாலு பக்கமும் வரிசையாக இரும்பு ட்யூப்கள். 'வாட்டர் வால்' என்போம். அந்த நெருப்பில் சும்மா ஒரு இரும்புக் குழாயை நீட்டினால் வாழைத்தண்டு மாதிரி தொங்கிவிடும். ஆனால் உள்ளே தண்ணீர் ஓடுகிற வரை ட்யூபுக்கு ஒன்றும் ஆகாது. சூட்டை வாங்கி வாங்கித் தண்ணீர் ஓடிவிடும். நம்பாதவர்கள் வீட்டில் பேப்பர் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி மேல் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கும், பேப்பர் எரியாது. (விளிம்பில் தீ படாமல் பிடிக்க வேண்டும். என் பேரன் விளிம்பில் பிடித்து அவன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், கூடவே எனக்கும் விழுந்தது.)

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 வரை ஏற்ற 70 கிலோ கலோரி போதும். அதை முழுசாக ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். தண்ணீரின் பெரிய கஜானா அந்த 540தான். அதனால்தான் இப்படிப்பட்ட தூண்களில் ஆவி மேலே போக வழியும், போன தண்ணீருக்குப் பதில் வர மேலே ஒரு தொட்டியும் வைப்பார்கள். எரிகிற மாடியில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் இல்லாமலே சுற்றும். 256 மீட்டர் உயரத்துக்கு ஒரே குழாயாக விட்டால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் நிற்கும். அதனால் உயரத்தைப் பல பகுதிகளாகத் தடுத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்யூபில் எங்கேயாவது அடைப்பு, தண்ணீர் வரவில்லை என்றால், சில நிமிஷத்தில் அந்த இடம் பழுத்து, உப்பி, நீளவாக்கில் கிழியும். கிழிந்த உதடு இரண்டும் மெலிந்து வெளியே பிதுங்கி நிற்கும். அதற்கு எங்கள் தொழிலில் பெயரே 'ஃபிஷ் மவுத்', மீன் வாய். நைட் ஷிஃப்டில் 'என்ன லீக்?' என்று கேட்டால் 'மீன் வாய்' என்பான் ஃபிட்டர். உங்கள் துறைமுகத்தில் ஏலம் விடுகிற வஞ்சிரம் வாயைப் பிளந்து கிடக்குமே, அச்சு அசல் அதேதான்.

---

எங்கள் அபார்ட்மென்ட் நாலு மாடி. மொட்டை மாடியில் இருக்கும் டேங்குகளோடு இன்னும் பெரிய டேங்க் ஒன்று, மொத்தம் 10,000 லிட்டர் ஆகும்படி வைக்கப்போகிறார்கள். பாரம் அதிகமாகுமே என்றேன். "வெளிநாட்டில் உச்சியில் தண்ணீர் வைத்துத்தான் நிலநடுக்கத்திலிருந்து காப்பாற்றுகிறார்கள், நல்லதுதான்" என்கிறார் செயலாளர். உண்மையா?
*— வாசகர், கொடுங்கையூர்*

செயலாளர் படித்தவர், பாதிதான் படித்திருக்கிறார்.

வெளிநாட்டுக் கதை உண்மை. கனடாவில் வான்கூவர் நகரில் ஒன் வால் சென்டர் என்ற 48 மாடிக் கட்டடம், 2001இல் முடிந்தது. உச்சியில் இரண்டு தொட்டி, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,90,000 லிட்டர். பிலடெல்பியாவில் 2008இல் திறந்த காம்காஸ்ட் சென்டரில் ஒரே தொட்டியில் 11 லட்சம் லிட்டருக்கு மேல். அவை முக்கியமாகக் காற்றில் கட்டடம் ஆடும் ஆட்டத்தை அடக்கத்தான். மேல் மாடிக்காரர்களுக்குத் தலை சுற்றக் கூடாதே.

எப்படி அடக்குகிறது? இடுப்பில் குடம் வைத்து நடந்தவர்களுக்குத் தெரியும். நடையின் தாளமும் தண்ணீர் அலம்பும் தாளமும் ஒத்துப்போகிற சமயத்தில்தான் தண்ணீர் சேலையெல்லாம் கொட்டும். எங்கள் அம்மா குடத்தில் ஒரு வேப்பங்கொத்தோ இலையோ போட்டு எடுத்து வருவாள், அலம்பல் அடங்கும். கட்டடத்திலும் அதேதான், தலைகீழாக. கட்டடம் இப்படிச் சாய்ந்து அப்படித் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, தொட்டித் தண்ணீரும் அதே நேரத்தில் அலம்பும்படி தொட்டியின் நீளத்தையும் ஆழத்தையும் கணக்குப் பண்ணி வைக்கிறார்கள். அப்போது கட்டடத்தின் ஆட்டத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் அலம்பும்; வழியில் வைத்திருக்கும் குறுகல்களில் உரசி அந்த ஆட்டம் செத்துப்போகும்.

மந்திரம் அந்த 'அதே நேரம்' என்பதில் இருக்கிறது. உயரக் கட்டடம் ஒரு முறை ஆடி வரச் சில விநாடிகள் ஆகும். உங்கள் நாலு மாடிக்கு அரை விநாடிதான், அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் தொட்டி ஒரு முறை அலம்பி வர சுமார் 1.7 விநாடி. கட்டடம் மூன்று தடவை ஆடி முடிக்கும்போது தண்ணீர் முதல் அலையையே முடித்திருக்காது. தவில்காரர் ஒரு தாளத்தில், நாதஸ்வரக்காரர் வேறு தாளத்தில். மேஸ்திரியின் தண்ணி ட்யூபைப் போல வளைந்த குழாய்த் தொட்டி வைத்தாலும் அரை விநாடிக்கு ஆட அதில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குத்தான் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு டம்ளர்! அது உங்கள் கட்டடத்தை என்ன செய்யும்?

ஆகவே அந்த 10,000 லிட்டர் உங்கள் கட்டடத்துக்குக் காவல் இல்லை. தலையில் வைத்த பத்து டன். நிலம் ஆடும்போது உச்சியில் இருக்கும் பாரம்தான் தூண்களை அதிகம் உலுக்கும். 2002இல் திருத்தின நிலநடுக்க விதிப்படி சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறிவிட்டது. அதற்கு முன்னால் கட்டின வீடுகள் இரண்டாம் மண்டலக் கணக்கில் கட்டினவை. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் வந்த நடுக்கம் இங்கே நன்றாகவே தெரிந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடி டேங்க் மூடி படபடவென்று அடித்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

நடுக்கத்தை விடுங்கள். சும்மா நிற்கிற நாளிலேயே கணக்கு உதைக்கிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் வடிவமைப்பார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள 1,000 லிட்டர் சின்டெக்ஸ் நிரம்பினால் அதன் அடியில் சதுர மீட்டருக்கு 1,270 கிலோ. எட்டு மடங்கு. இதைத் தளத்தின் நடுவில் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். டேங்கைத் தூண் தலைக்கு மேல், பீம் ஓடும் இடத்தில் மேடை கட்டித்தான் வைக்க வேண்டும். பத்தாயிரம் லிட்டர் அவசியம் என்றால் அதைத் தரைக்கு அடியில் சம்ப்பாக வைத்து, மேலே இருப்பதை அப்படியே விடச் சொல்லுங்கள். பம்பை ஒரு தடவை கூடுதலாகப் போட்டால் ஆயிற்று. செயலாளர் கேட்காவிட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து கேளுங்கள். கையெழுத்து கேட்டாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

---

கடல் அரிப்புக்குக் கல் கொட்டிக்கொட்டிச் சலித்துவிட்டது. ராட்சத ரப்பர் பைகளில் தண்ணீர் நிரப்பிக் கரையோரம் போட்டால் என்ன? பீகாரில் ரப்பரிலேயே அணை கட்டியிருக்கிறார்களாமே.
*— வாசகர், எர்ணாவூர்*

கயாவில் பல்கு ஆற்றில் 2022இல் திறந்தார்கள், உண்மை. ஊதினால் எழும்பி நிற்கும், வெள்ளம் வந்தால் காற்றை இறக்கிப் படுக்க வைத்துவிடலாம். ஆனால் அதைக் கான்கிரீட் அடித்தளத்தில் இறுக்கி முடுக்கியிருக்கிறார்கள்.

உங்கள் பையை எது பிடித்து வைக்கும்? தண்ணீருக்குள் கிடக்கும் தண்ணீருக்கு எடையே கிடையாது. கிணற்றில் வாளி தண்ணீருக்கு உள்ளே இருக்கும் வரை கயிறு லேசாக இருக்குமே, அதே கதை. முதல் பெரிய அலையில் பை பட்டினப்பாக்கம் போய்ச் சேரும். பையில் மணலை நிரப்பினால் பேச்சு வேறு. ஒடிசாவில் பெந்தா கடற்கரையில் கெட்டித் துணிக் குழாய்களில் மணல் நிரப்பிக் கரை அமைத்திருக்கிறார்கள். இங்கே கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவின் மேல் வலை காயப்போடவும் தூண்டில் போடவும் ஆள் ஏறாத நாள் கிடையாது. துணிக்குழாய்க்கு ஒரு தூண்டில் முள்ளே எமன்.

---

தண்ணீர் நிரப்பின கண்ணாடிச் சுவர் வைத்தால் ஏ.சி. வேண்டாமாமே?
*— வாசகி, பெரம்பூர்*

ஒரே அளவு இடத்தில் செங்கல்லைவிடத் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்கு சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். இதை வைத்து அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஸ்டீவ் பேர் என்பவர் 1970களின் தொடக்கத்திலேயே தண்ணீர் நிரப்பின பீப்பாய்களை அடுக்கிச் சுவர் வைத்து வாழ்ந்தார். அவர் வீட்டில் அது குளிர்கால விஷயம்: பகல் வெயிலைப் பீப்பாய் வாங்கும், இரவில் வீட்டுக்குத் தரும். ஹங்கேரியில் மாத்யாஸ் குடாய் என்ற கட்டடக்கலைஞர் கண்ணாடி இரண்டுக்கும் நடுவில் தண்ணீரை ஓடவிட்டு ஒரு வீடே செய்திருக்கிறார்.

நம்மூரில் சிக்கல் இரவில்தான். பகலில் வாங்கின சூட்டை ராத்திரி எங்காவது கொட்டினால்தான் மறுநாள் வாங்க முடியும். மே மாச ராத்திரியில் வெளியே 28 டிகிரி, போதாததற்குப் புழுக்கம். நிரம்பின குப்பைத்தொட்டி மாதிரி சுவர் அப்படியே நிற்கும். அந்தக் காசுக்கு மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். தண்ணீர்ச் சுவரைத் துடைக்கப் போவதும் நீங்கள்தான் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

---

மண்புழுவுக்கு எலும்பே இல்லையே, அது எப்படிக் கெட்டி மண்ணைத் துளைக்கிறது? மிஸ்ஸிடம் கேட்டால் அடுத்த வருஷம் வரும் என்கிறார்கள்.
*— ஏழாம் வகுப்பு, தண்டையார்பேட்டை*

தம்பி, அடுத்த வருஷம் வரை எதற்கு? பிறந்தநாள் பலூன், நீளமானதாக ஒன்று எடு. தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு நடுவில் இறுக்கிப் பிடி. இரண்டு பக்கமும் நீளும். இரண்டு நுனியையும் சேர்த்துத் தள்ளு, நடுவில் குண்டாகும். மண்புழு செய்வது இந்த இரண்டு வேலைதான், மாற்றி மாற்றி. உடம்பைச் சுற்றி வளையமாக ஒரு தசை, நீளவாக்கில் ஒரு தசை. வளையத் தசை இறுகினால் மெலிந்து நீண்டு மண் இடுக்கில் நுழையும். நீளத் தசை இறுகினால் குண்டாகி மண்ணை அகட்டும். எலும்பு செய்கிற வேலையை உள்ளே இருக்கும் தண்ணீர் செய்துவிடுகிறது. உங்கள் வீட்டில் கடம்பா (கணவாய்) வாங்கினால் அதன் கையைத் தொட்டுப் பார். அதிலும் எலும்பு இல்லை, தசையே ஒடுங்காத தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது.

பலூனுக்கும் புழுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பலூனில் ஊசி குத்தினால் எல்லாம் காலி. மண்புழுவின் உடம்பு நூற்றுக்கு மேற்பட்ட அறைகளாகத் தடுப்பு வைத்துப் பிரித்தது. ஒரு அறையில் காயம் பட்டாலும் மற்றது விறைப்பாகவே நிற்கும். மேலே ஒரு அக்கா தண்ணீரில் தூண் செய்யப் போகிறாள், அவளுக்கு இது தேவைப்படும். அவள் ஒரே குழாயாகச் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

மழை பெய்த மறுநாள் ஒரு மண்புழுவை எடுத்துக் காய்ந்த நோட்டுக் காகிதத்தின் மேல் விட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேள். சரசரவென்று மெல்லிய சத்தம் வரும். அது வழுக்காமல் பிடித்துக்கொள்ள வயிற்றுப் பக்கம் வைத்திருக்கும் குட்டி முட்கள் காகிதத்தில் உரசுகிற சத்தம். ரொம்ப நேரம் வைத்திருக்காதே; உடம்பு காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். எடுத்த இடத்திலேயே விட்டுவிடு.